போஸ் என்பது என் தந்தையின் பெயர்

எங்கள் விடுதியின் பொது அறையில் சென்ற வாரம் மீண்டும் 'பிஸினஸ் ப்ரொபோஸல்' பார்த்தோம். 2022இல் வெளிவந்த 12 பகுதிகள் கொண்ட கொரியத் தொடர்; இங்குள்ள பலர் அறிந்த கதைதான். தோழிக்குப் பதிலாக வரன் பார்க்கும் சந்திப்புக்குச் செல்கிறாள் ஹாரி. எப்படியாவது நிராகரிக்கப்பட்டுத் திரும்ப வேண்டும் என்பதே அவளுக்கு இடப்பட்ட பணி. எதிரே அமர்ந்திருப்பவனோ அவள் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைவன்; தாத்தாவின் வற்புறுத்தல் பொறுக்காமல், வருகிறவள் யாராயினும் மணந்துகொள்வது என முடிவுகட்டி வந்தவன். அறையே சிரித்தது. இறுதியில் இளங்கலை மாணவி ஒருவர், "இப்படியொரு கதை நம் நாட்டில் நடக்குமா, அக்கா?" என்று என்னிடம் கேட்டார். மழுப்பலாக ஏதோ சொன்னேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆள்மாறாட்டக் காதல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. 1906இல் நூலாக வந்த தாகூரின் 'நௌகாடுபி'யில் படகுகள் கவிழ்கின்றன. கரையொதுங்கிய ரமேஷ், கமலாவைத் தன் மனைவி என்றே எண்ணி வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். ஆனால் நாவல் முடிவதற்குள் கமலா, சடங்கின்படி தன்னை மணந்தவனிடமே போய்ச் சேர்கிறாள். தவறு எத்தனை அத்தியாயங்கள் நீடித்தாலும் ஒழுங்கு திரும்பிவிடுகிறது. எனக்கு அந்த நாவல் பிடிக்கும். அந்த முடிவோடு மட்டும் இன்றுவரை உடன்பட முடியவில்லை.

இனி என் கதை. என் தாத்தா நேதாஜியின் மீது கொண்ட பற்றால் மகனுக்குப் போஸ் என்று பெயரிட்டார். தமிழ்நாட்டில் இது வியப்பான செய்தியன்று. எங்கள் வழக்கப்படி அப்பெயர் எனக்கு முதலெழுத்தாக மட்டுமே இருந்தது. வடக்கே ஆய்வுக்கு வந்தபோது விண்ணப்பப் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்டது, முதலெழுத்தை விரித்தெழுதினேன். அன்றிலிருந்து இங்கு நான் வங்காளி.

சில ஆண்டுகளுக்கு முன் துறைத் தோழி ஒருத்தி எனக்கொரு சந்திப்பை ஏற்பாடு செய்தாள். இருவருக்கும் மற்றவரைப் பற்றிப் பெயரைத் தவிர எதுவும் தெரியாது. அவர் வந்தமர்ந்ததும் வங்காளத்தில் பேசத் தொடங்கினார். எனக்கு மொழி வராது என்றதும், "ஓ, பிரவாசியா!" என்று மன்னித்தார். வங்கத்துக்கு வெளியே வளர்ந்த வங்காளிகளை அப்படித்தான் அழைப்பார்களாம். இலிஷ் மீனின் முள், துர்க்கா பூசைக்கால இரயில் நெரிசல் என்று உரையாடல் இனிதாக ஓடியது. அவர் செய்யும் தவறு எனக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. ஏறத்தாழ ஒரு மணிநேரம் நான் திருத்தவில்லை. 'மேன் அப்' (2015) படத்தில் வாட்டர்லூ நிலையத்துக் கடிகாரத்தின் கீழ் நான்சியும் திருத்துவதில்லை. ஆனால் அவள் இன்னொருத்தியின் இடத்தில் நின்றாள், நானோ என் இடத்தில்தான் அமர்ந்திருந்தேன்.

பிறகு சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்; இன்னொரு தேநீர் வரவழைத்தார். "அப்படியானால் உங்கள் உண்மையான குடும்பப் பெயர் என்ன?" என்றார். எங்களில் யாருக்கும் அது கிடையாது என்றேன். "முன்பு இருந்திருக்குமே?"

அந்த இரண்டாவது கேள்வியில் பகையேதும் இல்லை. அதன்பின் இருமுறை சந்தித்தோம், பிறகு இல்லை. சாதிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. ஆய்வாளராக அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் அந்த ஒரு மணிநேரத்தில் என்னைச் சுற்றியிருந்த இலகுத்தன்மை, அந்தக் கேள்விக்குப் பின் திரும்பவில்லை.

கொரியத் தொடரில் பொய்ப்பெயர் விலகியதும் ஒரு மனுஷி வெளிப்படுகிறாள். வர்க்கத்தடை உண்டு, அதைப் பன்னிரண்டாம் பகுதிக்குள் கடந்துவிடலாம். நம்மிடம் பெயர் விலகினால் அதனடியில் இன்னொரு பெயர் தேடப்படுகிறது. சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணமே என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பில் சாதி கடந்த மணங்கள் சுமார் 5 விழுக்காடே.

இப்போது சட்டமும் இந்த மேசையில் வந்து அமர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, வஞ்சக வழியில் ஒரு பெண்ணுடன் உடலுறவு கொள்வதை 10 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. அடையாளத்தை மறைத்து மணப்பதும் வஞ்சகத்தில் அடங்கும். மனைவி இருப்பதை மறைத்து இன்னொருத்தியை ஏமாற்றும் ஆணைத் தண்டிக்க வேண்டாமா என்று தோழியர் கேட்கிறார்கள். வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திருமணமானதை மறைப்பதும், பிறந்த சாதியையோ மதத்தையோ தானாக முன்வந்து அறிவிக்காதிருப்பதும் ஒன்றா? அடையாளம் என்பது எது என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. வரையறுக்காத சொல்லுக்கு, பெண்ணின் தந்தையும் அண்ணனும் காவல் நிலையத்தில் பொருள் சொல்வார்கள். ஏமாந்ததாகக் கருதப்படும் பெண்ணிடம், உனக்கு அது ஒரு பொருட்டா என்று யாரேனும் முதலில் கேட்பார்களா என்பதே என் கவலை.

அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்த தோழி பின்னர் மிகவும் வருந்தினாள். அடுத்த முறை இரு தரப்புக்கும் முழு விவரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதாக வாக்களித்தாள். வேண்டாம் என்றேன், ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை.