பட்டறைப் பக்கம்: ஆள் நடந்தால் தானே ஓடும் கேமரா

கேள்வி: ‘‘ஐயா, ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். கதிர் பால் பிடித்ததிலிருந்து வரப்போரத்து வரிசைகள் இரவில் சாய்கின்றன. கொழுந்தனார் வீட்டு மாடுகள்தான் என்கிறார் என் கணவர். காட்டுப்பன்றி என்கிறார் கொழுந்தனார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இருபது நாளாகிறது. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். மகனிடம் காரில் ஒட்டுகிற பழைய கேமரா ஒன்று இருக்கிறது. ஏதாவது வந்தால் மட்டும் அது தானாகப் பதிவு செய்யும்படி வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?’’

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: முடியும் அம்மா. உங்கள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் செய்து முடித்துவிடலாம்.

கேமராவை இரவு முழுக்க ஓடவிட்டால் என்ன என்று தோன்றும். முழுத் தெளிவில் எடுக்கும் கார் கேமரா நிமிடத்துக்குச் சுமார் 100 எம்.பி. பிடிக்கும். 32 ஜி.பி. மெமரி கார்டு ஐந்து மணி நேரத்தில் நிறைந்து, பழைய பதிவின் மேலேயே புதியதை எழுத ஆரம்பிக்கும். முன்னிரவில் வந்தது விடிவதற்குள் அழிந்துவிடும். பெரிய கார்டே போட்டாலும், பதினோரு மணி நேரப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது?

நான் முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது கையில் பிடிக்கும் பழைய வீடியோ கேமரா. அதன் பதிவு பட்டனில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, சென்சார் சொன்னால் பட்டன் அழுந்துகிற மாதிரி செய்தேன். அந்தப் பட்டன் ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறு தடவை அழுத்தினால் நிற்கும். சென்சார் இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டியதும் கணக்கு மாறிப்போனது. எதுவும் வராத நேரத்தில் கேமரா ஓடியது; வந்த நேரத்தில் நின்றது. நாற்பது நிமிடம் புல் ஆடுவதைத்தான் பார்த்தேன்.

கார் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் வந்தால் தானே பதிவைத் தொடங்கும். மின்சாரம் நின்றால், உள்ளே இருக்கும் சிறு பேட்டரியின் துணையால் படத்தை ஒழுங்காக மூடிச் சேமித்துவிட்டு அணையும். ஆகவே, நடமாட்டம் இருக்கும்போது மட்டும் கேமராவுக்கு மின்சாரம் கொடுத்தால் போதும்.

வாங்க வேண்டியவை:

* எச்.சி-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர் சென்சார் - 1
* 12 வோல்ட் ரிலே (ஐந்து கால் உள்ளது) - 1
* பி.சி.547 டிரான்சிஸ்டர் - 1
* 1என்4007 டையோடு - 1
* 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் - 1
* 2 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கான கூடு
* காரில் சார்ஜர் செருகும் 12 வோல்ட் சாக்கெட் - 1
* 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி (யு.பி.எஸ்.ஸில் இருப்பது)
* 12 வோல்ட் 3 வாட் எல்.இ.டி. விளக்கு - 1

பேட்டரி, விளக்கு நீங்கலாக எனக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது.

இணைக்கும் முறை: சென்சாருக்கு மூன்று கால். நடுக்கால் சமிக்ஞை தருவது. ஓரக் கால்களில் எது பிளஸ், எது மைனஸ் என்பது வெள்ளை மூடியைக் கழற்றினால் பலகையில் எழுதியிருக்கும். இந்தச் சென்சார் 5 முதல் 20 வோல்ட் வரை தாங்கும் என்பதால் பேட்டரியிலிருந்து நேராகவே கொடுக்கலாம்.

நடுக்காலில் வருவது 3.3 வோல்ட்தான். ரிலேயை இழுக்க அது போதாது. அதற்குத்தான் டிரான்சிஸ்டர். அதன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடது கால் கலெக்டர், நடு பேஸ், வலது எமிட்டர். சென்சாரின் நடுக்காலை ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கும், எமிட்டரைப் பேட்டரி மைனஸுக்கும், கலெக்டரை ரிலே காயிலின் ஒரு முனைக்கும் கொடுங்கள். காயிலின் மறுமுனை பிளஸுக்கு. காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே டையோடு வர வேண்டும்; அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கட்டும். டையோடை விட்டுவிட்டால் ரிலே அணையும்போது எழும் அதிர்வு டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

பேட்டரி பிளஸிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். அங்கிருந்து ஒரு ஒயர் ரிலேயின் பொதுக் காலுக்கு. ரிலே இழுக்கும்போது சேரும் காலிலிருந்து சாக்கெட்டின் நடு முனைக்கு. சாக்கெட்டின் மைனஸ் பேட்டரி மைனஸுக்கு. கேமராவோடு வந்த சார்ஜரை அதில் செருகிவிடுங்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சென்சாரில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். ஒன்று தூரம், அதிகபட்சம் 7 மீட்டர். மற்றது நேரம்; சில விநாடி முதல் சுமார் 5 நிமிடம் வரை. நேரத்தை மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். ஓரத்தில் உள்ள சிறு ஜம்பர் ‘எச்’ பக்கம் இருந்தால், நடமாட்டம் இருக்கும்வரை நேரம் நீண்டுகொண்டே போகும். இணைப்புக் கொடுத்த முதல் ஒரு நிமிடம் சென்சார் தானாக இரண்டு மூன்று முறை தட்டும். பயப்பட வேண்டாம்.

வயலில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

விளக்கை ரிலேயில் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன். கேமரா விழித்துக்கொள்ள ஐந்தாறு விநாடி ஆகும். விளக்கோ சட்டென்று எரியும். பதிவானது ஓடுகிற வால் மட்டும்தான். 3 வாட் விளக்கை ஃபியூஸைத் தாண்டித் தனி சுவிட்சில் போட்டு, மாலையிலிருந்து விடியும்வரை எரிய விடுங்கள். இரண்டு மூன்று இரவில் எல்லாம் பழகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு கார் கேமராவுக்கு உதவாது. அந்த ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அதற்குள் இருக்கிறது.

சென்சாரையும் கேமராவையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். விலங்கு நுழையும் வரப்போரம் இரண்டடி உயரத்தில் சென்சார். மூன்று இழை ஒயர் இழுத்து, ஐந்தாறு மீட்டர் உள்ளே தள்ளிக் கேமரா. விளக்கும் அங்கேயே, கேமராவுக்குப் பின்னால். விலங்கு விளக்கடிக்கு வருவதற்குள் கேமரா தயாராகிவிடும். சென்சாருக்கு எதிரே நேராக வருவதைவிடக் குறுக்கே கடப்பதுதான் அதற்கு நன்றாகத் தெரியும். அதன் வெள்ளை மூடி வெளியே தெரிய வேண்டும்; கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலை செய்யாது. மற்றவை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகட்டும். ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், எறும்பு குடியேறும்.

விளக்கு ஓர் இரவுக்கு 2.75 ஏ.எச். எடுக்கும். கேமரா மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினாலும் 0.2 ஏ.எச்.தான். பாதிப் பேட்டரிக்குள் முடிந்துவிடும். காலையில் கழற்றிவந்து சார்ஜ் போடுங்கள்.

முதல் மாலை நீங்களே வரப்பில் நடந்து பாருங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாள் சும்மா கிடந்த கேமராவில் தேதி பழையபடி போயிருக்கும்.

கேள்வி: ‘‘சென்சார் தட்டும்போது வேலிக் கம்பிக்கு கரன்ட் போகிற மாதிரி இதே ரிலேயில் செய்யலாமா?’’

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: வேண்டவே வேண்டாம். வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ வேலியில் விடுவது சட்டப்படி குற்றம். இரவில் வருவது பன்றியாகத்தான் இருக்கும் என்று சென்சாருக்குத் தெரியாது. தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளையும், ஆட்டைத் தேடி வந்த பிள்ளையையும் அது ஒன்றாகத்தான் பார்க்கும். இது படம் பிடிக்க மட்டும். வந்தது காட்டுப்பன்றிதான் என்றால், சாய்ந்த பயிரின் படத்தையும் பதிவையும் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள்.

கேள்வி: ‘‘பக்கத்துத் தோட்டத்துப் பாதையும் படத்தில் விழுகிறது. பரவாயில்லையா?’’

- ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பி, உங்கள் வரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பம்புசெட் தொட்டியில் பெண்கள் குளிக்கிற பக்கம், பக்கத்து வீட்டு வாசல் இவை எந்தக் காரணத்துக்காகவும் படத்தில் வரக்கூடாது. கேமரா வைத்திருக்கிறேன் என்று பக்கத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்த கேமரா தெரியவந்தால் வரப்புத் தகராறைவிடப் பெரிய தகராறாகிவிடும்.

திண்டுக்கல் வாசகிக்கு இன்னும் ஒன்று. என் சோளத்தைப் பக்கத்துக் காட்டு எருமைதான் மேய்கிறது என்று நான் சாதித்தேன். அவரை நாலு பேர் முன்னால் டீக்கடையில் வைத்துக் கேட்டேன். கேமரா வைத்த மூன்றாம் இரவு, இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பதிவில் வந்தது எங்கள் வீட்டுக் கிடாரி. முளைக்குச்சியிலிருந்து கயிற்றைத் தலையால் தூக்கிக் கழற்ற அது கற்றுக்கொண்டிருந்தது. வயிறு நிறைய மேய்ந்துவிட்டு விடிவதற்குள் கட்டுத்தறிக்கே திரும்பி நின்றிருக்கிறது. மறுநாள் அதே டீக்கடையில், அதே நாலு பேர் முன்னால், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

அதனால் கேமராவைக் கட்டும்போது கொழுந்தனாரையும் கூப்பிட்டு வைத்துக் கட்டுங்கள். காலையில் கார்டை எடுக்கும்போதும் அவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு வீடும் சேர்ந்து பார்த்தால், வந்தது மாடோ பன்றியோ, அடுத்து என்ன செய்வது என்ற பேச்சாவது தொடங்கும். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கேமரா கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.