வேகத்துக்குத் தனி இடம் வேண்டும்

பொங்கல் நாட்களில் பொள்ளாச்சி வானில் வெப்பக்காற்று பலூன்கள் எழுவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் திரள்கிறது. 2015இல் தொடங்கிய அந்த விழா, கொங்கு மண்டலத்து மக்களுக்கு வானத்தின் மீது புதிய ஆசையை உண்டாக்கியிருக்கிறது. ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, பாராசூட் குதிப்பு உள்ளிட்ட 11 விளையாட்டுகளை வளர்க்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் சாகசச் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கோவை, பொள்ளாச்சி, சேலம் வட்டாரத்தில் நிரந்தர ஸ்கைடைவிங் மையம் ஒன்று வருவதற்கான சூழல் கனிந்துவருகிறது.

வரட்டும், வரவேற்போம். ஆனால், முதல் விமானம் மேலெழுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு எழுத்துபூர்வமாகப் பதில் வேண்டும். தேர்ந்த வீரர்கள் பாராசூட்டை வேண்டுமென்றே பாய்ச்சி அதிவேகத்தில் தரையிறங்குவதை இந்த மையங்கள் அனுமதிக்கலாமா? உலகெங்கும் ஸ்கைடைவர்களை இரு தரப்பாகப் பிரித்த கேள்வி இது.

இந்த மண்ணில் ஏற்கெனவே ஓர் உயிர் போயிருக்கிறது. 2012 ஏப்ரலில் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் நடந்த பாராசூட் பயிற்சி முகாமில், பெங்களூருவிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருவர் பாராசூட் சரியாக விரியாததால் விழுந்து இறந்தார். அது அதிவேகத் தரையிறக்கம் சார்ந்த விபத்து அல்ல. ஆனால், ஆசையோடு வந்து குதிப்பவரின் உயிர் எவ்வளவு தூரம் பிறர் வகுக்கும் ஏற்பாடுகளை நம்பியிருக்கிறது என்பதை அந்த மரணம் காட்டியது.

விரிந்த பாராசூட்டின் ஆபத்து

பாராசூட் விரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் ஸ்கைடைவிங்கில் இறந்தார்கள். கருவிகளும் பயிற்சியும் மேம்பட்டன. குதித்தவர் மயங்கிப்போனாலும் குறித்த உயரத்தில் மாற்றுப் பாராசூட்டைத் தானே திறந்துவிடும் ‘சைப்ரஸ்’ கருவி 1991இல் வந்தது. 2024இல் அந்நாட்டில் சுமார் 38.8 லட்சம் குதிப்புகள்; இறந்தவர்கள் 9 பேர். விளையாட்டு இந்த அளவு பாதுகாப்பானதாக மாறிய பிறகும் ஒரு வகை விபத்து மட்டும் விடாமல் தொடர்கிறது. எந்தக் கோளாறும் இல்லாமல், முழுதாக விரிந்த பாராசூட்டின் கீழ் தரையைத் தொடும் நேரத்தில் நிகழும் விபத்து அது.

காரணம், இன்றைய பாராசூட் பழைய குடை அல்ல. கேனபி என்று அழைக்கப்படும் அந்தத் துணி, முன்வாயில் காற்று புகுந்து அறைகள் நிரம்பியதும் ஓர் இறக்கையாகி முன்னோக்கிப் பறக்கிறது. புதிதாகப் பயில்பவருக்கு 260, 280 சதுர அடிக் கேனபி தரப்படுகிறது. போட்டியில் பறப்பவர் அதே உடல் எடையை 70, 80 சதுர அடியில் தொங்கவிடுகிறார். துணி சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுகிறது. தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைகிறது.

சாதாரணமாக இறங்குபவர் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் ஓர் ஒழுங்குக்குள் வருவார். காற்றின் போக்கில் ஒரு நேர்கோடு, குறுக்கே ஒரு திருப்பம், பிறகு காற்றை எதிர்த்துக் கடைசிக் கோடு. தரை நெருங்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் ஒருசேர இழுத்தால் வேகம் அடங்கிக் கால் மண்ணில் படும். அதிவேகமாக இறங்குபவர் செய்வது வேறு. தரை இன்னும் சில நூறு மீட்டர் கீழே இருக்கும்போதே கேனபியின் முன்பட்டையை இழுத்து 270 பாகை சுழல்வார். கேனபி தலைகுப்புறப் பாயும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். மண்ணில் மோதுவதற்கு ஒரு கணம் முன்பு அது நிமிரும். அவர் புல்நுனியையோ குளத்து நீரையோ உரசியபடி நெடுந்தூரம் செல்வார். ‘ஸ்வூப்பிங்’ எனப்படும் இந்தக் கலையில் 200 மீட்டருக்கு மேல் சென்றவர்கள் இருக்கிறார்கள். 2006 முதல் இதற்கு உலக சாம்பியன்ஷிப் போட்டி நடக்கிறது. நம்மவர்கள் பலர் வாழும் துபாயில் 2012இல் அது நடந்தது.

பார்க்க மெய்சிலிர்க்கும் காட்சி, ஐயமில்லை. ஆனால், அரை நொடி தாமதமாக நிமிர்ந்தால் தொடை, இடுப்பு, முதுகெலும்பு எல்லாம் நொறுங்கும். அந்த உயரத்தில் மாற்றுப் பாராசூட் எதற்கும் உதவாது.

யாருடைய சம்மதம்?

அனுமதிக்க வேண்டும் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. பல நூறு முறை குதித்த, வயதுவந்த ஒருவர், தன் உடலைப் பணயம் வைக்கும் முடிவைத் தானே எடுக்கிறார். அதில் தலையிட மற்றவர் யார் என்று கேட்கிறார்கள். கேனபியை நுட்பமாகக் கையாளும் அறிவு இந்தக் கலையிலிருந்துதான் எல்லோருக்கும் பரவுகிறது என்கிறார்கள். தடைசெய்தால் கண்காணிப்பு இல்லாத இடத்தில் யாரும் கற்றுத்தராமல் செய்துபார்ப்பார்கள். மரணங்கள் கூடும் என்கிறார்கள். இவை மூன்றிலும் உண்மை இருக்கிறது.

ஆனால், அந்த வாதம் நிற்கும் அடித்தளம் சம்மதம். வேகமாக இறங்குபவரின் சம்மதம் அவருடைய எலும்புகளுக்கு மட்டுமே பொருந்தும். அதே வானில், அதே நிமிடத்தில், வாழ்நாளில் முதல் முறையாகக் குதித்துப் பதற்றத்தோடு இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார். தனக்கு மேலே சுழன்று பாயும் ஒருவரை அவரால் பார்க்க முடியாது. பாய்பவருக்கும் அந்த விநாடிகளில் கண் முழுவதும் தரையில்தான். நூறு மீட்டருக்குக் கீழே இரண்டு கேனபிகள் மோதிச் சிக்கினால் இருவருமே பிழைப்பது அரிது. அந்த ஆபத்துக்குப் புதியவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டிருந்தாலும், தனக்குப் புரியாத ஒன்றில் இட்ட கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை.

மையங்களின் வருமான ஏற்பாட்டிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சுற்றுலாப் பயணி, பயிற்றுநரின் உடலோடு பிணைக்கப்பட்டுக் குதிப்பதை ‘டேண்டம்’ என்கிறார்கள். மையத்தின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. அந்தப் பயணியைப் படம்பிடிக்க ஒரு வீடியோ கலைஞர் கூடவே குதிப்பார். பயணி தரையைத் தொடும் காட்சியையும் எடுக்க வேண்டும் என்பதால் அவர் முன்கூட்டியே வேகமாக இறங்கியாக வேண்டும். சிறிய கேனபி, நாள் முழுவதும் குதிப்பு, பழக்கம் தரும் துணிச்சல் எல்லாம் சேர, வாடிக்கையாளர் இறங்கும் அதே புல்வெளியிலேயே அதிவேகத் தரையிறக்கம் அன்றாட வழக்கமாகிவிடும். மையத்துக்கு மிகவும் வேண்டப்பட்டவரே விதியை மீறும்போது, அவரைத் தடுக்க நிர்வாகத்துக்கு மனம் வருவதில்லை. எனவேதான் இதை மையங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது.

அமெரிக்கா இந்தப் பாடத்தை உயிர்ப்பலி கொடுத்துக் கற்றது. 2000களின் பிற்பகுதியில் கேனபி மோதல் மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, அதிவேகத் தரையிறக்கத்தையே தடைசெய்யக் கோரும் குரல்கள் எழுந்தன. அமெரிக்க பாராசூட் சங்கம் தடைக்குப் போகவில்லை. இரு வகைத் தரையிறக்கத்தையும் இடத்தாலோ நேரத்தாலோ பிரித்துவைக்க வேண்டும் என்ற கடப்பாட்டைத் தன் உறுப்பு மையங்களுக்கு விதித்தது. இரண்டாம் நிலை உரிமத்துக்குக் கேனபி கையாளும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில், எத்தனை முறை குதித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே ஒருவர் எவ்வளவு சிறிய கேனபியைப் பயன்படுத்தலாம் என்பது முடிவாகிறது. ஆசைக்கு ஏணி வைத்து, ஒவ்வொரு படியிலும் தகுதியைச் சோதிக்கும் முறை அது.

கோவைக்குத் தெரிந்த வழி

இந்த வழி கோவைக்குப் புதிதல்ல. வேகத்தை நேசித்த ஊர் இது. விலை குறைந்த பந்தயக் கார்களை வடிவமைத்து, வசதி குறைந்த இளைஞர்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்தவர் கோவையின் எஸ்.கரிவரதன். அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் எத்தனையோ இளைஞர்கள் ஓட்டப் பழகியிருக்கிறார்கள். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். அவிநாசி சாலையில் கார் பந்தயம் விடுவதைக் கோவை ஒருபோதும் ஏற்காது. ஆனால், செட்டிபாளையத்தில் அது நடப்பதில் பெருமை கொள்ளும். இரண்டிலும் வேகம் ஒன்றுதான். ஓரிடத்தில் வழியோடு போகிறவரும் பலியாகக்கூடும். மற்றதில் உரிமம் பெற்றவரைத் தவிர யாரும் தடத்துக்குள் இல்லை.

ஜல்லிக்கட்டிலும் ரேக்ளாவிலும்கூடத் தமிழ்நாடு வந்துசேர்ந்த இடம் இதுவே. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் தடை, 2017இல் மக்கள் எழுச்சி, பிறகு சட்டத் திருத்தம் என்று நீண்ட அந்தப் போராட்டத்தின் முடிவில் கிடைத்தது நிபந்தனைகளோடு கூடிய அனுமதி. விதிகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாத எந்த விளையாட்டும் ஒருநாள் மொத்தத் தடையைச் சந்திக்கும். இமாசலப் பிரதேசத்தில் அடுத்தடுத்த பாராகிளைடிங் மரணங்களுக்குப் பின் 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டுப் பறத்தலையே நிறுத்திவைத்தது. ஒழுங்காகத் தொழில் நடத்தியவர்களின் பிழைப்பும் சேர்ந்தே முடங்கியது.

பந்தயத் தடம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இரண்டு உயிர்கள் போயின. அதில் ஒருவர் 13 வயதுச் சிறுவர். தனி இடம் தருவது பிறரைக் காக்கும். ஓட்டுபவரைக் காக்க வயது, தகுதி, பயிற்சி ஆகியவற்றின் வரம்புகளும் வேண்டும்.

அதிகாரமுள்ளவர் போலப் பேசும் ஒருவரைப் புதியவர்கள் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறார்கள் என்பதற்கும் கோவையிடம் கசப்பான சாட்சி உண்டு. 2018 ஜூலை 12 அன்று நரசிபுரம் பகுதியில் ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை நடந்தது. இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கத் தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட, கீழ்த்தளச் சன்ஷேடில் தலை மோதி அவர் இறந்தார். அந்த ஒத்திகைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. பயிற்சியாளரின் தகுதியை யாரும் முன்கூட்டிச் சரிபார்த்திருக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கத் தெரியாத கேள்விகளை அவர் சார்பில் அரசுதான் கேட்க வேண்டும்.

காற்றும் நிலமும்

வெளிநாட்டு விதிகளை அப்படியே எடுத்து ஒட்டினாலும் போதாது. கொங்கு நிலத்துக்கென்று ஒரு காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றுதான் பல்லடம், உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பொள்ளாச்சி விழா பலூன் ஒன்று காற்றின் போக்கில் எல்லை தாண்டிப் பாலக்காட்டு மாவட்டத்து வயலில் இறங்கிய நிகழ்வும் உண்டு. கோடையில் காய்ந்த மானாவாரி நிலங்களில் சூறைக்காற்று திடீரெனச் சுழன்றெழும். தாழ்வான உயரத்தில் பாயும் சிறிய கேனபியை அப்படியொரு சுழல் மடக்கிப்போட்டால் மீளவே வழியில்லை. குறி தவறி இறங்குபவருக்குக் கீழே காத்திருப்பவை தென்னந்தோப்பு, உயரழுத்த மின்கம்பி, கைப்பிடிச் சுவர் இடிந்த திறந்தவெளிக் கிணறு. அமெரிக்கப் பாலைவன மையங்களில் கிடைக்கும் தடையற்ற பரப்பு இங்கே எளிதில் கிடைக்காது.

என்ன செய்ய வேண்டும்?

புதியவர்களும் டேண்டம் பயணிகளும் இறங்கும் திடலில் அதிவேகத் தரையிறக்கத்தை முற்றாகத் தடைசெய்ய வேண்டும். பயிற்றுநர், வீடியோ கலைஞர், மைய உரிமையாளர் யாருக்கும் இதில் விலக்கு கூடாது. கடைசித் திருப்பம் 90 பாகையைத் தாண்டக் கூடாது என்று அளவு சொல்லியே எழுத வேண்டும். ‘பொறுப்புடன் இறங்குக’ என்பது போன்ற பொத்தாம்பொதுவான வாசகம் யாரையும் கட்டுப்படுத்தாது.

ஸ்வூப்பிங் வேண்டும் என்று விரும்பும் மையம், அதற்கென எல்லையிட்ட தனித் திடலையோ குளத்தையோ அமைக்க வேண்டும். அந்த வீரர்களை விமானத்தின் தனிச் சுற்றில் இறக்கி, வானில் வேறு யாரும் இல்லாத நேரத்தில்தான் பறக்கவிட வேண்டும். நிலமோ வசதியோ இல்லாத மையத்துக்கு அந்த அனுமதியே கிடையாது. பங்கேற்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குதிப்புகளின் எண்ணிக்கை, கேனபியின் அளவு, படிப்படியான பயிற்சிச் சான்று மூன்றும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மையத்திலும் மையத்தின் லாபத்தில் பங்கில்லாத ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். காற்று மிகுந்தால் குதிப்பையும், விதி மீறினால் வீரரையும் அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். எலும்பு முறிவுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவமனைகள் கோவையில் உண்டு. ஆனால், பொள்ளாச்சியிலிருந்து நகரத்துக்கு 40 கிலோமீட்டர். குதிப்பு நடக்கும் நேரம் முழுவதும் ஆம்புலன்ஸ் திடலிலேயே நிற்க வேண்டும். உயிரிழப்பு மட்டுமல்லாமல், மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பதிவுசெய்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, சேவை வழங்கும் நிறுவனங்கள் அந்தந்த விளையாட்டுச் சங்கத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பதிவையும் மேற்சொன்ன விதிகளையும் ஒன்றிணைத்து உரிமத்தின் நிபந்தனையாக்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பொறுப்பு. நிலம், காவல்துறை, சுற்றுலா அனுமதிகளைக் கையில் வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு, இந்த நிபந்தனைகள் நிறைவேறாமல் எந்த மையத்துக்கும் இசைவு தரக் கூடாது.

துணிந்தவர் பறக்கட்டும், அவருடைய கலையை இந்த ஊர் கைதட்டி வரவேற்கும். ஆனால், வாழ்வில் ஒரே ஒருமுறை வானத்திலிருந்து தன் ஊரைப் பார்த்துவிட ஆசைப்பட்டு வரும் ஒரு நூற்பாலைத் தொழிலாளியோ கல்லூரி மாணவியோ பத்திரமாகத் தரையிறங்குவதே எந்த மையத்துக்கும் முதல் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றும் வசதியும் மனமும் இருக்கும் மையத்துக்கு மட்டுமே வேகத்தை அனுமதிக்கும் தகுதி உண்டு.