கையெழுத்து நம்மளுது, கணக்கு யார்கிட்ட?



 இந்த முறை உரவிலை பற்றியோ கொள்முதல் நிலையம் பற்றியோ எழுதவில்லை. நம்மை முன்னேற்ற வந்தோம் என்று சொல்லி ஊருக்குள் வரும் அமைப்புகளை யார் நடத்துகிறார்கள், யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் எங்க ஊர் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தொண்டு நிறுவனத்துக்காரங்க. பேனர் கட்டினாங்க, டீ கொடுத்தாங்க. "நிலைத்த பொருளாதார வளர்ச்சி", "வாழ்வாதார மேம்பாடு" என்று அருமையாகப் பேசினாங்க. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கிறோம், நீங்கதான் முதலாளி என்றார்கள். ஆதார் ஜெராக்ஸ், சிட்டா நகல், பங்குத்தொகை ஆயிரம் ரூபாய். ஊரில் முக்கால்வாசிப் பேர் கட்டினோம். இயக்குநர் குழுவுக்கு ஆள் வேணும் என்றதும் என் பேரையும் எழுதினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதுக்கப்புறம் நான் பார்த்த இயக்குநர் வேலை என்ன தெரியுமா? மூணு மாசத்துக்கு ஒரு முறை ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் தீர்மான நோட்டைக் கொண்டுவருவான். "அண்ணே, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்பான். வரப்பில் நின்றபடியே கையெழுத்துப் போடுவேன். கூட்டம் நடந்ததா? இல்லை. என்ன தீர்மானம்? படிக்கலை. போன வருஷம் ஒருநாள் டீக்கடை வாசலில் எங்க தெரு அக்கா ஒருத்தர் கேட்டார்: "ஏன் தம்பி, நீதானே டைரக்டரு? நான் ஆடு வித்துக் கட்டின ஆயிரம் ரூவா என்னாச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத் தலைகுனிந்து வீட்டுக்கு வந்தவன்தான், இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

தொண்டு நிறுவனம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். நாட்டில் நல்ல அமைப்புகளும் இருந்திருக்கின்றன, அவற்றை நல்ல தலைவர்கள் நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்துகொண்டால், நம்மிடம் வருகிறவர்களை எடைபோட நமக்கு ஒரு படிக்கல் கிடைக்கும். மூன்று பேரைச் சொல்கிறோம்.

தஞ்சாவூர்க்காரர் பார்த்த கணக்கு

ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரப் படிப்பு. கோட்டும் சூட்டுமாக இருந்தவர், 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார். 1934 கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவில் உட்கார்ந்து செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ வளர்ப்பு என்று கிராமத்துப் பணம் கிராமத்திலேயே நிற்கும் வழியைத் தேடினார். இன்றைக்கு எல்லா பேனரிலும் இருக்கிறதே "நிலைத்த" என்ற சொல், அதைப் பொருளாதாரத்தோடு சேர்த்து 1945-லேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர் அவர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் தங்கி, 1960-ல் காலமானார்.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். 1934-ல் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண நிதிக் கணக்கு குமரப்பாவிடம் இருந்தது. காந்தி தன் ஆட்களோடு அங்கே வந்தார். அவர்கள் சாப்பாட்டுச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்திக்கே அந்தச் சட்டம்! அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஊரார் பணத்தில் கை வைக்கும்போது தலைவருக்கும் தொண்டருக்கும் ஒரே சட்டம். இது முதல் படிக்கல்.

பத்திரம் யார் பேரில்?

இரண்டாவது, நம்ம கீழத்தஞ்சைக் கதை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. கூலி கேட்டதுக்குக் கிடைத்த பதில் அது. அதன் பிறகு இந்தப் பகுதிக்கே வந்து வேலை செய்தவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை. அந்த அம்மா நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-ல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வினோபாவின் பூதான இயக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்கள்.

1981-ல் இருவரும் "உழுபவனின் நில உரிமை இயக்கம்" தொடங்கினார்கள். சுருக்கமாக லாஃப்டி என்பார்கள். அவர்கள் செய்தது ரொம்ப எளிய காரியம், ஆனால் யாரும் செய்யாத காரியம். நிலத்தை விற்கத் தயாராக இருக்கும் பெரிய உடைமைக்காரரிடம் பேசுவது, நிலமில்லாத குடும்பங்களை ஒன்றுசேர்ப்பது, பேங்க் கடன் வாங்குவது, பத்திரச் செலவில் விலக்கு கேட்டு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவது. கடைசியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்து எழுதுவது. வேலை இல்லாத மாசங்களுக்குப் பாய் நெசவு, தையல், தச்சு என்று கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். 2008-ல் இந்தத் தம்பதிக்கும் அமைப்புக்கும் ஸ்வீடன் நாட்டிலிருந்து ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தபோது, பயனடைந்த குடும்பங்கள் சுமார் 13,000 என்று கணக்குச் சொல்லப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலம் லாஃப்டி பேரில் பதிவாகவில்லை, அந்த அம்மா பேரிலும் பதிவாகவில்லை. உழுகிற குடும்பத்துப் பேரில், அதுவும் வீட்டுப் பெண் பேரில் பதிவானது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார். அதனால் யாருடைய பத்திரமும் செல்லாமல் போகவில்லை. தலைவர் இருந்தாலும் போனாலும் ஜனங்க கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். இது இரண்டாவது படிக்கல்.

இறால் பண்ணைகள் வந்து கரையோர வயலும் குடிதண்ணீரும் உப்பானபோதும் இதே ஜெகந்நாதன்தான் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1996 டிசம்பரில் அவர் பேரால் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டமே கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைத் தளர்த்தினார்கள் என்பது வேறு சோகம். ஆனால் வளர்ச்சி என்ற பேரில் வருகிறதை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், இது யாருக்கான வளர்ச்சி என்று கேட்கவும் ஒரு தலைமை வேண்டியிருந்தது.

யார் முதலாளி, யார் வேலையாள்?

மூன்றாவது, குஜராத் ஆனந்த். அது தொண்டு நிறுவனம் இல்லை, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம். பால் முழுவதையும் ஒரே கம்பெனி தன் விலைக்கு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கேடா மாவட்டத்துப் பால்காரர்கள் பாலைக் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 டிசம்பரில் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். தலைவர் திரிபுவன்தாஸ் படேல், அந்த மண்ணின் விவசாயி. 1949-ல் ஆனந்துக்கு வந்தவர் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். இன்றைய அமுல் அப்படி வளர்ந்ததுதான்.

படிப்பு குரியனிடம் இருந்தது, அதிகாரம் விவசாயிகள் தேர்ந்தெடுத்த குழுவிடம் இருந்தது. நான் விவசாயிகளின் ஊழியன் என்றுதான் அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார். 2006-ல் மாநிலச் சம்மேளனத் தலைவர் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். பால் வண்டி நிற்கவில்லை. படித்தவர் நமக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் நம்ம தலைக்கு மேலே உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டும். இது மூன்றாவது படிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

விவசாயிகளே, இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று திட்டம் போட்டது. நாம் கட்டுகிற பங்குத்தொகைக்குச் சமமாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரையும், ஒரு கம்பெனிக்கு மொத்தம் 15 லட்சம் வரையும் மானியம். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்துக்கு 18 லட்சம் வரை. இதெல்லாம் அரசாங்கத்துப் பணம் என்றால், நம்ம வரிப்பணம்தானே? நம்ம பேரைச் சொல்லி வருகிற பணம்தானே?

உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டத்தில் நமக்காக எழுதிவைத்திருப்பதை எத்தனை பேர் நமக்குச் சொன்னார்கள்?

* ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் தனி உறுப்பினர் ஒருவருக்கு ஒரே ஓட்டு.
* இயக்குநர்கள் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.
* ஒரு வருடாந்திரப் பொதுக்கூட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 15 மாசத்துக்கு மேல் இடைவெளி கூடாது.
* கூட்டத்துக்கு 14 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். அதோடு தணிக்கை செய்த வரவு-செலவும் வர வேண்டும்.
* உறுப்பினரில் கால்வாசிப் பேர் வந்தால்தான் பொதுக்கூட்டம் செல்லும்.
* மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும்.
* தலைமை அலுவலர் என்ற சி.இ.ஓ. இயக்குநர் குழு நியமிக்கிற ஆள். குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்.

கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். அந்த நோட்டைக் கொண்டுவந்த பையனை அனுப்பினவர் எனக்குக் கட்டுப்பட்டவராம்! நான்தான் அவருக்குப் பயந்து வரப்பில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம்ம தப்பையும் பேசுவோம்

எல்லாப் பழியையும் ஜீப்பில் வந்தவர் தலையில் போட்டுவிட்டு நாம் நல்ல பிள்ளை ஆகிவிட முடியாது. கூட்டம் என்றால் "வேலை இருக்கு, நீ பார்த்துக்க" என்கிறோம். கூட்டத்துக்கு வந்தாலும் டீ குடித்ததும் எழுந்து போகிறோம். பெண்கள் பேரை இயக்குநர் என்று எழுதிவிட்டு நாற்காலியில் புருஷன் உட்காருகிறார். பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுத்தால் பெரிய தெருவில் நாலு வீட்டைத் தாண்டுவதில்லை. குத்தகைக்காரரும் கூலிக்காரரும் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். இப்படி இருந்தால் வெளியாள் போனாலும் உள்ளாள் சுருட்டுவான். குமரப்பாவே எழுந்து வந்தாலும் நமக்காகக் கணக்குக் கேட்க முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

அதனால் சங்கம் சொல்வது இதுதான். உங்க ஊரில் தொண்டு நிறுவனம் இருந்தாலும், உற்பத்தியாளர் கம்பெனி இருந்தாலும், வருகிற பொதுக்கூட்டத்துக்குக் கும்பலாகப் போங்கள். பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். எழுந்து நின்று ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. நம்ம பங்குத்தொகை எவ்வளவு சேர்ந்தது? எந்த பேங்க் கணக்கில் இருக்கிறது? பங்குச் சான்று எங்கே?
2. நம்ம பேரில் மானியம் எவ்வளவு வந்தது? எதுக்குச் செலவானது?
3. இயக்குநர்கள் யார் யார்? யார் தேர்ந்தெடுத்தார்கள்? கடைசியாகக் கூடியது எப்போது?
4. மெஷின், குடோன், வண்டி எல்லாம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது?
5. உங்க திட்டம் முடிந்து நீங்க கிளம்பினால் எங்க கையில் என்ன மிஞ்சும்?

நேர்மையான தலைவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நோட்டைத் திறந்து காட்டுவார். அப்படிக் காட்டுகிறவரை நாம் தோளில் தூக்கிவைத்து ஆடுவோம். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று எவர் சொல்கிறாரோ, அவரிடம் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போய் வாசலில் உட்காருவோம்.

நான் கடைசியாக வந்த நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. "கூட்டம் கூட்டு, ஊர் முன்னால் படி, அப்புறம் போடுறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பையன் முறைத்துக்கொண்டு போனான். போகட்டும். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினரிடம் கையெழுத்து வாங்கச் சாயங்காலம் சாயங்காலம் தெருவில் இறங்குகிறேன். முதல் கையெழுத்து ஆடு வித்துப் பணம் கட்டின அக்காவுடையது.

படிக்காத தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதே!
பங்குப்பணத்துக்குக் கணக்குக் கேள்!
உழவர் கம்பெனிக்கு உழவரே தலைமை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!