எவ்வளவு இழைப்பது?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்று ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் பீறிடுகிறது? 272 பீறிடல்களின் நேரத்தை வளைகோடாக வரைந்தால் இரண்டு மேடுகள் தெரியும்: ஒன்று 2 நிமிடத்துக்குப் பக்கத்தில், மற்றது நாலரையை ஒட்டி. ஆனால் கோட்டை எவ்வளவு இழைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அதிகம் இழைத்தால் இரண்டும் ஒரே மேடாகிவிடும். குறைத்தால் கோடு முள்முள்ளாக நிற்கும். கண்ணுக்கு அழகானதைத் தேர்ந்துகொள்வதை நான் ஏற்கமாட்டேன். ஓர் அளவை ஒதுக்கி வைத்து, மீதி 271-ஐக் கொண்டு அதைக் கணிக்க வைத்து, இப்படி ஒவ்வொன்றுக்கும் செய்து பார்த்து, நன்றாகக் கணிக்கும் இழைப்பைத் தேரும் குறுக்குச் சரிபார்ப்பே நேர்மையானது. புள்ளியியலாளர்கள் ருடெமோ 1982-லும் போமன் 1984-லும் முன்வைத்த வழி இது. அதையும் கண்மூடி நம்பக் கூடாது. 1985 ஆகஸ்டில் அதே ஊற்றில் எடுத்த 299 பதிவுகளைப் பாருங்கள்: இரவில் சில பீறிடல்களைக் குறுகியது, நடுத்தரம், நீண்டது என்று மட்டுமே குறித்திருந்தார்கள், பிறகு அவை 2, 3, 4 நிமிடங்களாயின. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் குறுக்குச் சரிபார்ப்பு ஏமாந்துபோகும், இழைப்பைப் பூஜ்யத்தை நோக்கி இழுத்துவிடும். அப்படிக் கிடைத்த முட்களை ஊற்றின் குணம் என்று எழுதுவது பெரும் பிழை. அவை இரவில் குறிப்பெடுத்தவரின் பேனா விட்டுச்சென்ற தடங்கள்.