வட்டுக்கு ஒரு விலை, வாக்குக்கு ஒரு விலை

கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஹார்டு டிஸ்க், டேட்டா சென்டர் ஸ்டோரேஜ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்ததும் பல மடங்கு விலை பெறுகிறது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் மருத்துவமனைகளும் தெரிந்தேதான் அந்த விலையைக் கொடுக்கின்றன. கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதை இஎம்சி என்ற அமெரிக்க நிறுவனத்தின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

ரிச்சர்ட் ஈகன், ரோஜர் மரினோ இருவரும் 1979இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதைத் தொடங்கினார்கள். கைச்செலவுக்கு முதலில் விற்றது அலுவலக மேசை நாற்காலிகளை. பிறகு மினி கம்ப்யூட்டர்களுக்கான மெமரி அட்டைகள். அதன் பின்னர்தான் டிஸ்க். அந்த டிஸ்க் வியாபாரம் எடுத்த எடுப்பில் கவிழப் பார்த்தது. 1980களின் கடைசியில், வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய வட்டுகள் வாடிக்கையாளர் இடங்களில் வரிசையாகப் பழுதாகின. நிலைமையைச் சீர்செய்யும் பொறுப்பு புதிதாகச் சேர்ந்திருந்த மைக் ரட்கர்ஸ் தலையில் விழுந்தது. பழுதான பெட்டிக்குப் பதில் இஎம்சியின் புதிய பெட்டி வேண்டுமா, போட்டி நிறுவனமான ஐபிஎம்மின் பெட்டி வேண்டுமா என்று வாடிக்கையாளரிடமே கேட்டார். ஐபிஎம் கேட்டவர்களுக்கு இஎம்சி தன் செலவில் ஐபிஎம் பெட்டியை வாங்கிக் கொடுத்தது. கணக்குப் பிள்ளைக்கு இது தற்கொலையாகத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் ஒருமுறை பெயர் கெட்டால் மறுமுறை யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

1990இல் வந்த சிமெட்ரிக்ஸ்தான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. வடிவமைத்தவர் மோஷே யனாய். அன்றைய மெயின்பிரேம் என்ற பெருங்கணினி உலகில் பெரிய வட்டுகளுக்கே மதிப்பு. யனாய் அதற்கு மாறாக, சிறிய 5.25 அங்குல வட்டுகள் பலவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, முன்னால் தாராளமாக மெமரியை வைத்தார். அடிக்கடி கேட்கப்படும் தரவு மெமரியிலிருந்தே போய்விடும். வட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மொத்தக் கொள்ளளவு 24 ஜிபி. இன்று சட்டைப்பையில் கிடக்கும் 64 ஜிபி பென்டிரைவில் அது பாதிகூட இல்லை. அதை வைத்தே 1990களின் நடுவில், மெயின்பிரேம் ஸ்டோரேஜ் விற்பனையில் ஐபிஎம்மை இஎம்சி முந்தியது.

சிறிய வட்டுகளை அடுக்கும் யோசனைக்கு 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை ரெய்டு என்று பெயர் சூட்டியது. (வருமான வரித் துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்தச் சுருக்கத்தில் ‘ஐ’ என்ற எழுத்து முதலில் ‘மலிவான’ வட்டுகளைக் குறித்தது. பின்னாளில் தொழில்துறை அதை ‘தனித்தனியான’ என்று மாற்றிக்கொண்டது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் பெட்டியின் பெயரிலேயே மலிவு என்ற சொல் இருந்தால் விற்பனையாளர் எப்படிப் பேரம் பேசுவார்?

ரெய்டின் கணக்கு எளியது. மூன்று வட்டுகளில் 5, 7, 9 என்ற எண்கள் இருக்கின்றன. நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 21. இரண்டாம் வட்டு செத்துப்போனால், 21இலிருந்து 5ஐயும் 9ஐயும் கழித்தால் தொலைந்த 7 திரும்பக் கிடைக்கும். நிஜத்தில் கூட்டலுக்குப் பதில் பிட் பிட்டாக ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்கப்படுகிறது. டேட்டா சென்டரில் ஒரு வட்டு சாகும்போது பார்க்கப் பெரிதாக ஒன்றுமிருக்காது. பச்சையாக எரிந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு விளக்கு மட்டும் ஆம்பருக்கு மாறும். அந்த டிஸ்க்கைத் தட்டோடு உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். பெட்டியை அணைக்க வேண்டியதில்லை. தொலைந்த தரவு புதிய வட்டில் மறுபடி எழுதப்படத் தொடங்கும். ‘ரீபில்ட் ஓடுது’ என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். பெரிய வட்டானால் அது முடியப் பல மணி நேரம், சிலசமயம் ஒரு நாளைத் தாண்டியும் ஆகும். மற்ற வட்டுகள் எல்லாம் மூச்சுமுட்ட உழைப்பதும் அந்த நேரத்தில்தான். அதே தேதியில் வாங்கிய இன்னொரு வட்டும் அப்போது போனால் நான்கும் வீண். இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6 பரவியதற்குக் காரணம் இந்தப் பயம்.

இஎம்சி இதில் ஒரு படி மேலே போனது. சிமெட்ரிக்ஸுக்குள் ஒரு மோடம் இருந்தது. வட்டு சுணங்கத் தொடங்கியதுமே பெட்டி தானாக நிறுவனத்துக்கு போன் போட்டுச் சொல்லிவிடும். கையில் மாற்று டிஸ்க்கோடு பொறியாளர் வாசலில் வந்து நின்ற பிறகே, ஏதோ கோளாறு என்று வாடிக்கையாளருக்குத் தெரியவரும்.

அந்தப் பொறியாளரின் சம்பளமும், ஒப்பந்தப்படி நான்கு மணி நேரத்தில் உதிரிபாகம் போய்ச்சேர வைத்திருக்கும் கிடங்குகளும் பெட்டியின் விலைக்குள் அடக்கம். உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தொடங்கும். ஆண்டுக்காண்டு ஏஎம்சி கட்டணம் ஏறி, பழைய பெட்டியைக் காப்பாற்றுவதைவிடப் புதியது வாங்குவதே லாபம் என்ற கட்டத்துக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். இது தற்செயல் என்று நம்புவதற்கு வெள்ளை மனம் வேண்டும். காலாண்டு முடிவில் விற்பனையாளர் தரும் பெரிய தள்ளுபடியும், விலைப்பட்டியலில் எவ்வளவு காற்று அடைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2006இல் அமேசான் தொடங்கிய எஸ்3 சேவை இந்தக் கணக்கைக் கலைத்தது. சாதாரண சர்வர்களில் ஒரே தரவைப் பல இடங்களில் எழுதிவைப்பதை அங்கே மென்பொருளே பார்த்துக்கொள்கிறது; ஒரு வட்டு செத்தால் யாரும் ஓடிவர வேண்டியதில்லை. சுழலும் வட்டின் இடத்தை பிளாஷ் பிடித்ததும் புதிய போட்டியாளர்கள் நுழைந்தார்கள். இஎம்சியின் கையில் வேறொரு சொத்து இருந்தது. 2003இன் இறுதியில் சுமார் 63.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்ட விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனம், தாய் நிறுவனத்தின் பெரும்பகுதி மதிப்பாக வளர்ந்திருந்தது. 2015 அக்டோபரில் சுமார் 6,700 கோடி டாலருக்கு இஎம்சியை வாங்குவதாக டெல் அறிவித்தது. 2016 செப்டம்பரில் கைமாறியது. விஎம்வேர் பின்னர் பிரிந்து, 2023இல் பிராட்காம் வசம் போனது.

சிமெட்ரிக்ஸின் வாரிசு பவர்மேக்ஸ் என்ற பெயரில் டெல்லிடம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. உள்ளே சுழலும் வட்டு இல்லை, எல்லாம் பிளாஷ். மெயின்பிரேமோடு இணையும் வசதியை விடவில்லை. கோளாறு தெரிந்ததும் தானாகத் தகவல் சொல்லும் பழக்கமும் அப்படியே. மோடத்தின் வேலையை இணையம் பார்க்கிறது.