‘இன்னும் ஒரே ஒரு வாய்டா தங்கம்...’ ரெண்டு வயசு வாண்டு ஏன் சாப்பிட மாட்டேங்குது?

இரவு எட்டு மணி. பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சாதத்தோடு அம்மா பின்னால் ஓட, முன்னால் ஓடுகிறது ரெண்டு வயசு வாண்டு. சோபாவுக்குப் பின்னால் ஒரு வாய், பால்கனியில் நிலா காட்டி ஒரு வாய். மூன்றாவது வாய் தரையில். கடைசியில் அப்பா போனை எடுத்து கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறார். கண் திரையில் நிற்க, வாய் தானாகத் திறக்கிறது. பத்தே நிமிடத்தில் கிண்ணம் காலி.

சின்னக் குழந்தை இருக்கிற பல வீடுகளில் தினமும் நடக்கிற கதைதான் இது. கிண்ணம் காலியானால் அம்மாவுக்கு நிம்மதி. காலியாகாவிட்டால், ‘நம்ம சமையல் சரியில்லையோ, நம்ம வளர்ப்பு சரியில்லையோ’ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். உண்மையில் பெரும்பாலான வீடுகளில் காரணம் சமையலும் இல்லை, வளர்ப்பும் இல்லை. குழந்தையின் வயசு!

ஒரு வயசுக்கு அப்புறம் பசி குறையும்

3 கிலோ எடையில் பிறந்த குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் சுமார் 9 கிலோ ஆகிவிடும். அதாவது, ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. அதே வேகத்தில் அடுத்த வருடமும் வளர்ந்தால் என்ன ஆகும்? அதனால்தான் உடம்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டாவது வருடம் முழுக்க ஏறும் எடை இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் நிதானமாகும்.

இதே நேரத்தில்தான் குழந்தை நடக்கவும் ஓடவும் ஆரம்பிக்கிறது. உயரம் கூடுகிறது, கொழுகொழு கன்னம் கொஞ்சம் வற்றுகிறது. விசேஷ வீட்டுக்குப் போனால், “என்னம்மா, பிள்ளை இப்படி இளைச்சுட்டான்? ஒழுங்கா சாப்பாடு கொடுக்கறியா, இல்லையா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே அன்று ராத்திரி குழந்தைக்கு நாலு வாய் கூடுதலாகத் திணிக்கப்படும்.

ரெண்டு வயசை ஒட்டி இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். புதிதாக எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையாட்டும் பருவம் அது. நேற்று வரை சாப்பிட்ட கேரட்டைக்கூட இன்று துப்பும். ஒரு காயை ஒருமுறை துப்பியதும், ‘அவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்ட வேண்டாம். நாள் விட்டு நாள், ஒரு துண்டு மட்டும் தட்டில் வைத்துப் பாருங்கள். பத்து முறை பார்த்த பிறகு தொட்டுப் பார்க்கிற குழந்தைகள் நிறைய.

யார் வேலை எது?

அமெரிக்க உணவியல் நிபுணரான எல்லின் சாட்டர் இதற்கு ஓர் எளிய கணக்கு சொல்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

கேட்க சுலபமாக இருக்கும். ஆனால், பாதி இட்லியோடு குழந்தை எழுந்து போகும்போது சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. இந்த வயசில், பெரியவர்கள் சாப்பிடும் அளவில் கால் பங்கு போதும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பதற்றம் குறையும். ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்ட குழந்தை, அடுத்த வேளையிலோ மறுநாளோ சரிக்கட்டிவிடும்.

போன் கெடுப்பது இதைத்தான். ‘வயிறு நிறைந்துவிட்டது, போதும்’ என்று உடம்பு சொல்வதைக் கேட்கக் குழந்தை பழக வேண்டிய நேரத்தில், கவனம் முழுக்கத் திரையில் இருக்கிறது. 2 வயசுக்குள் திரையே வேண்டாம் என்பதும், 2 முதல் 4 வயசு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பரிந்துரை.

இன்னொரு முக்கியமான விஷயம். அழுகிற குழந்தையின் வாயில் உணவைத் திணிப்பது ஆபத்து. உணவு மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் போன்றவையும் இந்த வயசுக்கு வேண்டாம்.

பால் இருக்கே, போதாதா?

“சோறு சாப்பிடலைன்னா என்ன, ஒரு டம்ளர் பால் கொடுத்துடு” என்பார் பாட்டி. அன்புதான். ஆனால், காலையில் பால், மதியம் பால், தூங்கும்போது பால் பாட்டில் என்று போனால் வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? பாலில் கால்சியம் உண்டு, இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயசுக்கு மேல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் பால் போதும்.

இதைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 67.1 சதவிகிதம், தமிழ்நாட்டில் 57.4 சதவிகிதம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த சுண்டல் என மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கீரை சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

வீட்டில் செய்து பார்க்க...

* மூன்று வேளை சாப்பாடு, நடுவில் ஒன்றிரண்டு முறை சிற்றுண்டி. மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுக்கும் நாலு பிஸ்கட், ராத்திரி சாப்பாட்டைக் காலி செய்துவிடும்.

* எல்லோரும் உட்காரும்போது குழந்தைக்கும் ஒரு சின்னத் தட்டு. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காமல், திட்டாமல் தட்டை எடுத்துவிடலாம்.

* போனை ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால், முதலில் ஒரு வேளைக்கு மட்டும் நிறுத்துங்கள். ஆரம்பத்தில் ரகளை நடக்கும். அப்போது அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

* கையால் அள்ளிச் சாப்பிடவிடுங்கள். கீழே பழைய துணியை விரித்துவிட்டால் துடைக்கிற வேலை பாதியாகும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தட்டைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். அங்கன்வாடியிலேயே மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். சில மாதங்களாக எடை ஏறவில்லை, அல்லது குறைகிறது. குழந்தை வெளிறிப்போய்ச் சோர்வாக இருக்கிறது. மண், சுண்ணாம்பு சாப்பிடுகிறது. விழுங்கும்போது அடிக்கடி இருமுகிறது... இதில் எது இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இது எதுவும் இல்லாமல் வீடு முழுக்க ஓடியாடி விளையாடுகிற வாண்டு என்றால், கவலையை விட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். மூக்கில் பருப்பு, முடியில் சோறு என்று உட்கார்ந்திருக்கும். ஒருநாள், தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து, “அம்மா... ஆ!” என்று உங்கள் வாய்க்கு நீட்டும். துடைக்கிற வேலையெல்லாம் அந்த ஒரு வாய்க்கு ஈடாகிவிடும்!