வீதியில் ஒரு பந்தல்

கல்லூரி மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதத்திலே ஒரு வினா விடுத்திருக்கிறார். மேனாட்டு நகரங்களிலே வண்டி புகாத கடைவீதிகள் உண்டு. அவற்றின் இரு மருங்கும் உணவுச்சாலைக்காரர் மேசைகளையும் கதிரைகளையும் வெளியே பரப்பிவைக்க, மக்கள் திறந்தவெளியில் அமர்ந்து உண்டு மகிழ்கின்றனர். "சிலாபத்திலோ புத்தளத்திலோ கற்பிட்டியிலோ அத்தகைய வீதியொன்றை அமைத்தால் எத்துணை அழகாயிருக்கும்! அதற்கு என்ன செய்தல் வேண்டும், ஐயா?" என்பது வினா. அழகு என்ற சொல்லை அவர் மூன்று முறை எழுதியிருக்கிறார். நிழல் என்ற சொல்லை ஒருமுறையேனும் எழுதினாரில்லை. ஆகவே நிழலிலிருந்தே தொடங்குவோம்.

நமது கரையோரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய எட்டுப் பாகையிலே கிடக்கின்றது. ஏப்ரல் மாத முற்பாதியிலும், பின்னர் ஆகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பர்த் தொடக்கத்திலும் கதிரவன் நம் உச்சிக்கு நேரே வருகின்றான். அந்நாள்களில் நண்பகற்போதுக்கு ஒரு குடை போதும். ஆனால் நண்பகலிலே வெளியில் அமர்ந்து உண்பார் யார்? நம்மவர் வெளிவருவது மாலை நான்கு மணிக்கு மேலேதான். அப்போது ஞாயிறு மேற்கே தாழ்ந்து, குடையின் கீழாக நுழைந்து முகத்தில் அறைகின்றது. படங்களைப் பார்த்து வாங்கிய வண்ணக்குடை அவ்வேளையில் அடுத்த மேசைக்கு நிழல் தருமேயன்றித் தன்கீழ் இருப்பார்க்குத் தராது.

ஆதலின் முதலிற் பார்க்கவேண்டியது வீதியின் திசை. வடக்குத் தெற்காக ஓடும் வீதியில், மேற்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் பிற்பகலிலே வீதியின்மேல் விழும். அவ்வரிசையின் வாயிலில் மேசைகளை இட்டால் ஒரு காசு செலவின்றி நிழல் கிடைத்துவிடும். கிழக்கு மேற்காக ஓடும் வீதியிலோ மாலை வெயில் ஒரு நுனியிற் புகுந்து மறுநுனிவரை தடையின்றி நடந்து போகும். அங்கே மரமோ தட்டியோ இன்றி ஒன்றும் செய்தற்கில்லை. மரமெனின் பூவரசும் புங்கும் வேம்பும் நம் உப்புக்காற்றைத் தாங்கிநிற்பன. தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்குத் தென்னையே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் அதன் நிழல் சிறிது, அதன் காயோ பெரிது. தேநீர் அருந்துவார் தலைக்குமேல் தேங்காய்க்குலை தொங்குவது விருந்தோம்பலாகாது!

அடுத்தது காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று கற்பிட்டித் தீபகற்பத்தை அலைக்கின்றது. பட்டத்தின் இழுவையிலே நீர்மேற் சறுக்கி விளையாடும் வெளிநாட்டார் அக்காற்றைத் தேடியே அங்கு வருகின்றனர். அவர்க்கு வரமாகும் காற்று சோற்றில் மணலாக விழும். இதனைத் தடுக்கக் கண்ணாடிச் சுவர் எழுப்புவோர் உண்டு. அது தவறென்று காற்றின் இயல்பை ஆராய்ந்தோர் கூறுவர். இடைவெளியற்ற சுவரில் மோதிய காற்று மேலேறி மறுபுறம் சுழன்று விழும். ஏறக்குறையப் பாதி வெளியும் பாதி அடைப்புமான தட்டியோ காற்றை வடித்து, வேகத்தைத் தணித்து அனுப்பும். அத்தகைய தட்டியின் உயரத்தைப்போற் பலமடங்கு தூரம் வரை அதன் பயன் தெரியும். நமது பாட்டன்மார் கிடுகுவேலியும் மட்டைவேலியும் அடைத்தது இந்தக் கணக்கைப் படித்தா? படியாமலே கண்டுகொண்டார்கள். கிடுகுக்கு ஒரே குறை நெருப்பு. அடுப்பு இருக்குமிடத்துக்கு அண்மையில் அதனைக் கட்டலாகாது.

"வெயிலும் காற்றும் மழையுமுள்ள நாட்டில் இது நடவாது" என்று சொல்வோர்க்கு ஒரு செய்தி. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனிலே ஸ்ட்ரோயெட் என்னும் கடைவீதியை 1962 நவம்பர் மாதத்தில், கடுங்குளிர்க் காலத்தின் வாயிலில், பரீட்சார்த்தமாக வாகனங்களுக்கு அடைத்தார்கள். கடைக்காரர் கொதித்தெழுந்தனர். கார் வராவிடின் வாணிகம் கெடும் என்றனர். வீதியில் உட்கார்ந்து பேசுவது இத்தாலியர் வழக்கம், குளிர்நாட்டார்க்கு அது பொருந்தாது என்று வாதிட்டோரும் உண்டு. 1964 ஆம் ஆண்டில் அவ்வேற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது. ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அவ்வீதி இன்று உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. யான் கேல் என்ற கட்டடக்கலைஞர் அங்கு மக்கள் எங்கே நிற்கின்றனர், எங்கே அமர்கின்றனர், எத்தனை பேர் நடக்கின்றனர் என்று ஆண்டுக்கணக்காக எண்ணியெண்ணிப் பார்த்தவர். அவருடைய நூல் 1971 இல் வெளிவந்தது.

மேனாட்டுக்குப் போவானேன்? பருத்தித்துறையில் தும்பளை வீதியிலே தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கின்றது. பார்த்தறியாத மாணவர்கள் ஒருமுறை சென்று பார்த்தல் நன்று. வீதியோரத்தில் மடம் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். அங்கோ வீதியையே உள்ளே விட்டு மேலே கூரை வேய்ந்திருக்கின்றார்கள். கல்லாலான தூண்கள், இருபுறமும் உயர்ந்த திண்ணை. நடந்து வருபவன் வீதியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுகின்றான். களைத்தவன் ஏறி அமர்கின்றான். களையாதவன் நடுவே நடந்து போகின்றான். அமர்ந்தவன் நடப்பவனை மறிப்பதில்லை. வண்டியில்லா வீதியின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு மடத்தினுள் அடங்கியிருக்கின்றது என்பேன்.

நம் ஊர்க் கதையும் அதுவே. முன்னேச்சரத்து மகோற்சவ காலத்தில் கால்நடையாக வருவார்க்குத் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. நாலு கம்பு, ஒரு கூரை, ஒரு வாங்கு, மோரும் சர்க்கரைத் தண்ணீரும். அந்தப் பந்தலின்கீழ் அமர்பவனை "என்ன வாங்குகிறாய்?" என்று எவரும் கேட்பதில்லை. நவீன வீதியுணவுச்சாலைக்கும் பழைய பந்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கின்றது. மாணவரது கடிதத்தில் இல்லாத பெரிய வினாவும் இதுவே: அழகுபடுத்திய வீதியில், பணமில்லாதவன் எங்கே அமர்வான்?

நியூயோர்க் நகரத்திலே வில்லியம் வைட் என்பார் சிறு சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1980 இல் ஒரு நூல் வெளியிட்டார். சில சதுக்கங்களில் கூட்டம் நிறைய, வேறு சில வெறிச்சோடிக் கிடப்பதேன் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். வெயிலா, வடிவமா, பரப்பளவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவில் அவர் கண்டது, உட்கார இடமிருக்கும் இடத்திலேதான் மக்கள் உட்காருகின்றார்கள் என்பது. சிரிப்பு வருகின்றதல்லவா? ஆனால் அதனைக் கட்டடக்காரர் மறந்தேபோயிருந்தனர். நகர்த்தக்கூடிய கதிரையை மக்கள் பெரிதும் விரும்புவதையும், அமருமுன் அதனை நாலு விரற்கடை தூரமாவது இழுத்துப் போட்டுக்கொள்வதையும் அவர் கண்டார். தன் இடத்தைத் தானே தேர்ந்தோம் என்ற திருப்தி அதிலே இருக்கின்றது போலும்.

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையைக் கண்டோர் இதனை உணர்ந்திருப்பர். கூபேர் அவென்யூ எனப்படும் அச்சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அடைக்கப்படுகின்றது. கடலோரமாகவே 'லெ கஃபே' என்னும் சிற்றுண்டிச்சாலை இருக்கின்றது. காப்பிக்குக் காசுள்ளவர் அங்கே அமர்வர். காசில்லாதவர் கடலோரக் கைப்பிடிச் சுவரில் அமர்வர். இருவர் முகத்திலும் படுவது ஒரே காற்று. அச்சாலையின் அழகு சிற்றுண்டிச்சாலையால் வந்ததன்று; அந்தச் சுவரால் வந்தது என்பது என் கருத்து.

சென்னைத் தியாகராய நகரத்துப் பாண்டி பஜாரின் கதை சிறிது வேறு. 2019 நவம்பரில் அவ்வீதி அகன்ற நடைபாதைகளோடும் இருக்கைகளோடும் நடப்போர்க்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. நடப்பதற்கு நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. ஆயின் அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே அவ்வீதியின் நடைபாதை வியாபாரிகள் மாடிக்கட்டடம் ஒன்றினுள் மாற்றப்பட்டிருந்தனர். நடப்பவன் கண்ணிற் பட்டு, அவன் கால் தயங்கும் அந்தக் கணத்தில் விற்று வாழ்பவன் நடைபாதை வியாபாரி. அவனை மாடியேற்றினால் நடப்பவன் தேடிச்செல்வானா? இத்தகையோரின் பிழைப்பைக் காக்கவென்று இந்தியாவில் 2014 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நமது சிலாபத்தையும் கற்பிட்டியையும் எண்ணிப் பாருங்கள். மாலையில் கச்சான் சுருள் விற்கும் ஆச்சி, இறால்வடைத் தள்ளுவண்டிக்காரர், செவ்விளநீர் வெட்டித்தருபவர் ஆகிய இவர்களே நம் வீதியுணவுச்சாலையின் மூத்த குடிகள். புதிதாய் வரும் மேசைகட்கு இடம் வேண்டுமென்று இவர்களை அகற்றிவிட்டு, அவர் விற்ற அதே வடையைப் பீங்கான் தட்டில் வைத்து ஐந்து மடங்கு விலைக்கு விற்பது அபிவிருத்தியாகாது. கற்பிட்டியில் இந்த அச்சம் பெரிதும் பொருந்தும். விருந்தினர் கையிலே வெளிநாட்டுப் பணம் இருக்கும்போது உள்ளூரார்க்குரிய வாங்கு முதலிலே காணாமற்போகும்.

எனவே வரைபடம் போடுவோர் முதலில் நடுவழியைக் குறித்துக்கொள்க. ஒன்பது மீற்றர் அகலமான வீதியெனின் நடுவே நான்கு மீற்றரை நடப்பார்க்கும், ஆபத்து வேளையில் வரும் அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றுக்கும் ஒதுக்குக. மிச்சம் இருபுறமும் இரண்டரை மீற்றர் வீதம் வரும். இருவர்க்கான சிறுமேசையும் எதிரெதிர்க் கதிரைகளும் ஏறக்குறைய 1.8 மீற்றர் கொள்ளும். அந்த இரண்டரை மீற்றரை நீளவாக்கிலே மூன்று பங்காக்கி, இரண்டு பங்கை உணவுச்சாலைகட்கு வாடகைக்கும், ஒரு பங்கைத் தள்ளுவண்டிகட்கும் விலையில்லா வாங்குகட்கும் விடலாம். எல்லையைக் கோட்டால் அன்றித் தொட்டியால் அல்லது கல்வரம்பால் குறிக்கவேண்டும். கோடு மாதத்துக்கு ஒரு சாண் நகரும் என்பதை நம் சந்தைகளிற் பார்த்திருக்கின்றோம். பார்வையற்றோரின் கோலுக்கும் வரம்பே தட்டுப்படும், வண்ணக்கோடு படாது. படி உள்ள இடத்திலே சக்கரநாற்காலிக்குச் சரிவு வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்திலும் குறைந்த சரிவு ஏறுவார்க்குத் துன்பமாகும்.

தரை ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேற் சரிந்தால் மேசை ஆடும். சரிவே இல்லாவிடின் ஐப்பசி, கார்த்திகை மழை தேங்கும். கானுக்கு மூடி இட்டே மேசை இடுக. இரும்புக் கதிரை நம் கடற்காற்றில் துருவேறும். தென்னங்குற்றியிற் செய்த வாங்கு நெடுநாள் இருக்கும், தச்சரும் நம்மூரிலேயே உள்ளார். விளக்கு வெண்ணிறமாக வேண்டா. மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். உண்பார் முகமும் களையாகத் தோன்றும். பூச்சாடிகள் வைப்போர் அடித்தட்டை எடுத்துவிடுதல் நலம். அதிலே தேங்கும் ஒரு கரண்டி நீர் டெங்கு நுளம்புக்குப் போதும். 2017 இல் மட்டும் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் அக்காய்ச்சலாற் பீடிக்கப்பட்டதை மறத்தல் தகாது. புத்தளத்திலாயின் இன்னொன்றும் கவனிக்க. அங்கே வீதியுலா வரும் கழுதைகளுக்கு வண்டித்தடைச் சட்டம் பொருந்தாது. சாடியில் இடும் செடி அவை தின்னாத செடியாக இருக்கட்டும்.

பழைய கட்டடங்களை உடைத்துத்தான் இத்தகைய இடம் உண்டாக்கவேண்டும் என்பதில்லை. கொழும்புக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் மருத்துவமனை 1681 இலேயே இருந்ததாகக் குறிப்புண்டு. பின்னர்ப் பொலிஸ் நிலையமாகவும் பயன்பட்டு, 1996 ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பிற் சேதமுற்ற அக்கட்டடத்தைப் புதுப்பித்து 2011 டிசெம்பரில் கடைகளும் உணவுச்சாலைகளுமாகத் திறந்தனர். தடித்த சுவர், நீண்ட விறாந்தை, நடுவே முற்றம். வெயிலுக்கு ஒல்லாந்தர் கண்ட மருந்து இன்று உண்பார்க்கு உதவுகின்றது. அங்கு உண்ணும் செலவு நம்போன்ற ஆசிரியர்க்கு எட்டாது என்பது வேறு கதை. விறாந்தைக்கும் முற்றத்துக்கும் நம் கரையோரப் பட்டினங்களின் பழைய கடைவீடுகளிற் குறைவில்லை. அவற்றின் முகப்பைத் தகரத்தாலும் விளம்பரப் பலகையாலும் மூடிவைத்திருக்கின்றோம், அவ்வளவே.

பெருஞ்செலவுக்கு முன் டென்மார்க்குக்காரரைப்போலப் பரீட்சை செய்து பார்ப்பதே தக்கது. மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் மாலை 4 மணி முதல் இரவு 9 மணிவரை ஒரே ஒரு வீதியை நகரசபையாரோ பிரதேச சபையாரோ அடைக்கட்டும். கல்லும் சீமெந்தும் வேண்டா; கிடுகுப்பந்தலும் இரவல் வாங்குகளும் போதும். வினா விடுத்த மாணவரும் அவர் தோழர்களும் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. ஒரு கொப்பியோடு வீதிமுனையில் நின்று, மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மக்களை எண்ணுக. கைக்குழந்தையோடு வருவார், கோலூன்றி வருவார், ஒன்றும் வாங்காது அமர்ந்திருப்பார் ஆகியோர்க்குத் தனித்தனி நிரல் இடுக. தள்ளுவண்டிக்காரரிடம் அன்றைய விற்பனை கூடிற்றா குறைந்ததா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்க. கணக்கு வந்து சேர்ந்தால், வீதியின் பெயரோடு இப்பகுதியில் வெளியிடுவோம்.